பிளிமத்தும் மருதமடுவும்: தப்பியோடிய இரண்டு சபைகள்

1609ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து தப்பி வந்த ஏறக்குறைய 100 பேர் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் குடியிருக்க அனுமதி கேட்டார்கள். ஒழுங்காக நடந்து சட்டத்துக்கு அடங்கி வாழ்பவர் எவரையும் தடுப்பதில்லை என்று நகரசபை பதில் கொடுத்தது. பதினொரு வருடம் அங்கே அச்சமின்றித் தொழுத அந்தச் சபையிலிருந்துதான் 1620இல் மேஃபிளவர் கப்பலேறி அமெரிக்கா போய்ப் பிளிமத்தில் குடியேறியவர்கள் புறப்பட்டார்கள்.

அதே லெய்டனில் 1650களில் இறையியல் படித்தவர் பிலிப்பு பல்தேயஸ். 1658இல் ஒல்லாந்தப் படையோடு மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்த போதகர் அவர். போர்த்துக்கேயர் கட்டிய கோவில்களும் பாடசாலைகளும் அவருடைய சபையின் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1670இல் மன்னார்ப் பெருநிலத்தின் மாந்தையிலிருந்து 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள், மருதமடுவுக்குப் போயின என்பது மடுத் திருத்தலத்தின் மரபு.

ஓடி வந்த கிறிஸ்தவர்களுக்குக் கதவு திறந்த நாடு, ஏறக்குறைய அறுபது வருடத்துக்குப் பிறகு இன்னொரு கரையில் வேறு கிறிஸ்தவர்களைக் காட்டுக்குத் துரத்தியது. இந்த முரண்தான் பிளிமத் குடியேற்றத்தையும் மருதமடுக் குடியேற்றத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது.

நம் கொழும்புச் சபைகளில் மேஃபிளவர் யாத்திரிகரின் கதை அறியாதது அல்ல. ஆங்கிலப் பக்தி நூல்கள் வழியாக வந்து, விசுவாசத்துக்காக எல்லாவற்றையும் இழக்கத் துணிந்தவர்கள் என்று பிரசங்கங்களில் எடுத்துக்காட்டாக நிற்கிறது. மடுவின் கதையோ ஆடி, ஆவணித் திருவிழாக்களோடு சேர்ந்து வருவது. அதைப் பக்தியாகக் கொண்டாடுகிறோம், குடியேற்ற வரலாறாக எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தால், துணிவு என்று நாம் புகழ்வது எது, புகழ மறந்தது எது என்பது கொஞ்சம் தெளிவாகும்.

ஊரைவிட்டுக் கிளம்பியது

ஸ்குரூபி என்ற ஆங்கிலக் கிராமத்தைச் சுற்றிய விவசாயிகளும் சிறு உத்தியோகத்தரும்தான் யாத்திரிகரின் தொடக்கக் கூட்டம். வில்லியம் புரூஸ்டர் வீட்டில் கூடித் தொழுதார்கள். அரசனே தலைவனாக இருக்கும் சபையில் சேர மறுத்து, தமக்கென்று தனிச்சபை வைப்பது இங்கிலாந்தில் குற்றம். 1607இல் தப்ப முயன்றபோது கப்பல்காரனே காட்டிக்கொடுத்ததால் சிறைப்பட்டார்கள். அடுத்த வருடம் மறுபடியும் முயன்றபோது ஆண்களில் சிலர் கப்பலேறியிருந்த வேளையில் ஆயுதம் தாங்கிய கூட்டம் வந்துவிட, பெண்களும் பிள்ளைகளும் கரையில் சிக்கிக்கொண்டார்கள். கப்பல் அவர்களை விட்டுவிட்டே போயிற்று. பிறகு சிறுசிறு குழுக்களாகவே எல்லோரும் ஒல்லாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

லெய்டனில் அவர்களை யாரும் துன்புறுத்தவில்லை. அங்கிருந்தும் ஏன் கிளம்பினார்கள்? நெசவும் கம்பளி வேலையுமாகப் பிழைப்பு கடினமாக இருந்தது. பிள்ளைகள் ஒல்லாந்தராகவே மாறிக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினோடு இருந்த போர்நிறுத்தம் 1621இல் முடிய இருந்தது. துன்பம் அவர்களை இங்கிலாந்திலிருந்து துரத்தியது உண்மை. அமெரிக்காவுக்கு அனுப்பியது பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றிய கவலை. இன்று ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோகிறதே என்று வருந்தும் பெற்றோருக்கு இந்தக் கவலையை விளக்கத் தேவையில்லை.

மாந்தைக் குடும்பங்களுக்கு இப்படி இரண்டு கட்டம் இருக்கவில்லை. ஒல்லாந்தரின் ஆட்சியில் திருமணத்தையும் பிள்ளையின் பெயரையும் சபைப் பதிவில் ஏற்றினால்தான் சட்டம் ஏற்கும். பிள்ளைகள் சபைப் பாடசாலைக்குப் போகாவிட்டால் தண்டம். பலர் வெளியே புதிய சபைக்குப் போய்வந்து, வீட்டில் பழைய செபத்தைச் சொன்னார்கள். அப்படி இரட்டை வாழ்க்கை வாழ்வதற்கும் ஒருவகைத் துணிவு வேண்டும். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. மாந்தைக் குடும்பங்கள் அந்த வழியை எடுக்கவில்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்தும் சில நூறு கத்தோலிக்கர் வன்னிக்குள் வந்தார்கள் என்றும், இரண்டு கூட்டமும் மருதமடுவில் சந்தித்தன என்றும் மரபு சொல்கிறது.

தூரத்தை ஒப்பிட்டால் பிளிமத்தின் பக்கம் தட்டு தாழும். மேஃபிளவர் 66 நாள் அட்லாண்டிக் கடலில் அலைந்தது; மாந்தையிலிருந்து மடு நடந்தே போகக்கூடிய இடம். ஆனால் கடலுக்கு அப்பால் போனவரை இங்கிலாந்தின் சட்டம் பின்தொடர்ந்து போய்ப் பிடிக்க அவ்வளவு எளிதல்ல. காட்டுக்குள் போனவருக்கோ ஒல்லாந்தரின் கோட்டை எப்போதும் பக்கத்திலேயே இருந்தது.

கையில் கொண்டுபோனது

யாத்திரிகரின் பெட்டியில் ஜெனீவா வேதாகமமும், ஐன்ஸ்வர்த் ஆங்கிலத்தில் பாட்டாக்கிய சங்கீதப் புத்தகமும் இருந்தன. புரூஸ்டர் லெய்டனில் இரகசிய அச்சகம் நடத்தி இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்ட நூல்களை அச்சிட்டவர். ஆக, அது எழுத்தை நம்பிய கூட்டம். கரை இறங்கும் முன்பே கப்பலில் 41 ஆண்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கப்பலில் இருந்த 102 பயணிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தச் சபையைச் சேராதவர்கள், பிழைப்புத் தேடி வந்தவர்கள். அனுமதி பெற்ற இடத்துக்கு வடக்கே கப்பல் வந்துவிட்டதால், இனி யாரும் யாருக்கும் கட்டுப்படத் தேவையில்லை என்ற முணுமுணுப்பு எழுந்திருந்தது. சபையாரும் அந்நியரும் ஒரே சமூகமாக நின்று, பொது நன்மைக்கான சட்டங்களை ஆக்கி அவற்றுக்கு அடங்குவோம் என்பதே அந்த ஒப்பந்தம். வேற்று நம்பிக்கையுள்ளவரோடு ஒரே ஊரில் வாழ்வதற்கு எழுத்தில் உடன்பட்டார்கள் என்பது அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த கணம்.

மாந்தைக் குடும்பங்களிடம் தமிழ் வேதாகமம் இருந்திருக்க முடியாது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது 1715இல், தரங்கம்பாடியில். அவர்களிடம் இருந்தது வாய்ப்பாடமாக வந்த மந்திரங்கள், செபமாலை, ஒரு சொரூபம். முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் உழைத்த அன்றிக் அடிகளார் 1578இல் தம்பிரான் வணக்கத்தைத் தமிழில் அச்சிட்டிருந்தாலும், நூறு வருடத்துக்குப் பிறகு காட்டில் பயன்பட்டது அச்சுத்தாள் அல்ல, பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

புத்தகத்தை எடுத்தவர் மேலானவர், சொரூபத்தைத் தூக்கியவர் கீழானவர் என்று நம்மில் ஒரு சாரார் நினைப்பதுண்டு. எதிர்ச்சாராரின் எண்ணமும் அதைவிட நியாயமானதல்ல. ஒரு கூட்டம் தன் நம்பிக்கையை எதில் தாங்கிச் செல்கிறது என்பது அதன் கையில் எது கிடைத்தது என்பதைப் பொறுத்தது. புத்தகத்தால் ஒப்பந்தம் எழுத முடிந்தது. சொரூபத்தால், எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணையும் பிள்ளையையும் ஒரே வட்டத்தில் நிறுத்த முடிந்தது.

குரு இல்லாத வருடங்கள்

இரண்டு கூட்டங்களும் மிகவும் நெருங்கி வரும் இடம் இது. நம் பிரசங்கங்களில் அதிகம் பேசப்படாத இடமும் இதுதான்.

லெய்டன் சபையின் போதகர் ஜோன் ரொபின்சன் கப்பலேறவில்லை. சபையின் பெரும்பகுதி லெய்டனில் தங்கியதால் அவரும் தங்கினார். பின்னால் வருவதாக இருந்தவர் 1625இல் அங்கேயே இறந்தார். பிளிமத்தில் மூப்பராக இருந்த புரூஸ்டர் பிரசங்கம் செய்தார், செபம் நடத்தினார். ஞானஸ்நானம் கொடுக்கவோ திருவிருந்து நடத்தவோ அவருக்கு அதிகாரம் இல்லை என்பது அவர்களுடைய ஒழுங்கு. 1624இல் வந்த ஒரு போதகர் பிணக்குப்பட்டு வெளியேற்றப்பட்டார். 1629இல்தான் நிலையான போதகர் அமைந்தார். முதல் குளிர்காலத்தில் ஏறக்குறைய பாதிப்பேரைப் புதைத்த கூட்டம், ஒன்பது வருடம் சொந்தப் போதகர் இல்லாமலே தன்னைக் கட்டிக்காத்தது.

மன்னாரிலும் வன்னியிலும் இந்த வெறுமை இன்னும் நீண்டது. 1658க்கும் 1687க்கும் இடையே ஏறக்குறைய முப்பது வருடம் வெளிப்படையாகக் குரு ஒருவரும் இல்லை. திருப்பலியைக் காணாமலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணம் முடித்தது. ஞாயிற்றுக்கிழமை எது என்று நினைவில் வைத்தவர்கள், சாகிறவர் தலைமாட்டில் மந்திரம் சொன்னவர்கள், பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் எல்லோரும் சாதாரணப் பொதுநிலையினர்.

1687இல் கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் இந்த வெறுமைக்குள் வந்தார். தூத்துக்குடியில் தமிழ் கற்று, கூலியாளின் உடையில், யோவான் என்ற ஒரே துணையோடு கப்பலேறினார். புயலில் அலைக்கழிந்து மன்னாரில் கரையேறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். வயிற்றோட்டம் கண்டு வீதியோரம் கிடந்தபோது ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்கின்றன அவருடைய வாழ்க்கை வரலாறுகள். உடம்பு தேறியதும் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். அந்த மாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்பதுதான் அவருடைய குடிசன மதிப்பு. சில்லாலைக் கிராமம் அவருக்கு முதல் தளமாயிற்று. அங்கே அவர் கண்டது புதிதாக விதைக்க வேண்டிய தரிசு நிலம் அல்ல. முப்பது வருடம் மக்கள் தாங்களே காத்த சபையைத்தான் அவர் கண்டுபிடித்தார்.

யோசப் வாஸை நாம் புனிதராக வணங்குவது நியாயம். ஆனால் அவர் வருவதற்கு முந்தைய முப்பது வருடத்தின் பெயரில்லாத ஆண்களும் பெண்களும் இல்லாவிட்டால், அந்தச் செபமாலையைப் பார்த்து மாற ஒரு முகமும் இருந்திருக்காது.

அடைக்கலம் கொடுத்தவர்கள்

தப்பியோடியவர் கதைகளில் தப்பியோடியவரே கதாநாயகர். இடம் கொடுத்தவரின் பெயர் பின்னால் போய்விடுகிறது. இந்த இரண்டு கதைகளிலும், லெய்டனை விட்டால், இடம் கொடுத்தவர்கள் கிறிஸ்தவர் அல்லர்.

பிளிமத் எழுந்த இடத்துக்கு ஏற்கனவே பெயர் இருந்தது: பட்டக்செட். வம்பனோவாக் மக்களின் ஊர். 1616க்கும் 1619க்கும் இடையே, ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோயில் அந்த ஊர் முழுக்க அழிந்துபோயிற்று. யாத்திரிகர் கண்ட வெட்டவெளி அப்படி வந்தது. கரை இறங்கிய முதல் நாட்களில், மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த சோளத்தையும் அவர்கள் எடுத்தார்கள். உடையவரைக் கண்டால் விலை கொடுப்போம் என்று நினைத்து, பின்னர் ஈடு செய்தார்கள். 1621 மார்ச் மாதம் வம்பனோவாக் தலைவர் மசசோயிட் அவர்களோடு உடன்படிக்கை செய்தார். பட்டக்செட்டின் மகன் டிஸ்குவாண்டம், 1614இல் ஆங்கிலேயக் கப்பல்காரனால் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டு, இங்கிலாந்து வழியாக ஊர் திரும்பியவர். திரும்பியபோது ஊரே இல்லை. அவர்தான் யாத்திரிகருக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தார். அந்த வருட அறுவடை விருந்துக்கு மசசோயிட்டோடு வந்தவர்கள் ஏறக்குறைய 90 பேர். விருந்து கொடுத்தவர்களைவிட அதிகம்.

இலங்கையில் இந்த இடத்தில் நிற்பவர்கள் கண்டியின் பௌத்த அரசர்கள். இரண்டாம் இராஜசிங்கனின் நாட்டில், ஒல்லாந்தரிடமிருந்து தப்பி வந்த கத்தோலிக்கர் குடியிருக்க முடிந்தது. அவனுக்கு ஒல்லாந்தரோடு இருந்த பகையும் அதற்குக் காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. மசசோயிட்டுக்கும் அயலிலிருந்த நரகன்செட் மக்களைப் பற்றிய கவலை இருந்தது. அடைக்கலம் எப்போதும் தூய அன்பால் மட்டும் கொடுக்கப்படுவதில்லை. ஆனாலும் கொடுக்கப்பட்டது.

1692இல் யோசப் வாஸ் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். சிறைக்குள்ளேயே ஓலைக்கொட்டிலில் பலிபீடம் அமைத்தார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரியன் அவர் நடத்தையைக் கண்டு வெளியே விட்டான். பிறகு நாடெங்கும் பணியாற்ற விட்டான். கிறிஸ்தவ அரசாங்கம் வேட்டையாடிய கிறிஸ்தவக் குருவைப் பௌத்த அரசன் காத்தான் என்பது நம் சபை வரலாற்றில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி.

பலம் வந்த பிறகு

இங்கிருந்துதான் இரண்டு பாதைகளும் பிரிகின்றன.

1630இல் மசச்சூசெட்ஸ் குடாவுக்கு வேறு பியூரிட்டன் கப்பல்கள் வந்தன. பத்து வருடத்தில் நியூ இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேர் குடியேறினார்கள். நிலத்தின் தேவை பெருகிற்று. தங்கள் மனச்சாட்சிக்காக இங்கிலாந்தைவிட்டு ஓடிவந்தவர்கள், 1660இல் பொஸ்டனில் குவேக்கர் பெண்ணான மேரி டயரை அவளுடைய மனச்சாட்சிக்காகத் தூக்கிலிட்டார்கள். மசசோயிட் இறந்த பிறகு அவர் மகன் மெட்டகொம் காலத்தில், 1675இல் போர் மூண்டது. மெட்டகொம் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத்தில் கம்பத்தில் குத்தப்பட்டுப் பல வருடம் நின்றது. அவருடைய சிறு மகன் அடிமையாக விற்கப்பட்டான். பட்டினி கிடந்தவர்களுக்குக் கைகொடுத்தவரின் பேரன் அவன். இடையே போன காலம் 55 வருடம்.

எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. பிளிமத்தில் இரண்டு வருடம் வாழ்ந்த ரொஜர் வில்லியம்ஸ், அரசன் கொடுத்த பத்திரத்தால் இந்த நிலம் நமதாகாது, அதன் உரிமையாளர் பூர்வகுடிகளே என்று எழுதினார். மசச்சூசெட்ஸ் அவரை நாடு கடத்தியது. குளிர்காலத்தில் வம்பனோவாக் மக்களிடம் தஞ்சம் புகுந்து, பிறகு நரகன்செட் மக்களிடம் நிலம் பெற்று, 1636இல் பிராவிடன்ஸ் ஊரை அமைத்தார். எந்த மதத்தவருக்கும் அங்கே இடம் இருந்தது. யாத்திரிகர் கதையிலிருந்து நாம் தைரியம் எடுக்க விரும்பினால், எனக்கு மேஃபிளவரைவிட வில்லியம்ஸின் பனிநடை பெரிதாகத் தெரிகிறது. அவர் எதிர்த்தது தம்மைத் துன்புறுத்திய அரசனை மட்டுமல்ல, தம்மோடு துன்பப்பட்ட சொந்தச் சனத்தையும்.

மருதமடுவுக்கு இந்தச் சோதனை வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் கப்பல் கப்பலாக ஆள் வரவில்லை, பீரங்கி வரவில்லை. அயலவரைத் துரத்தும் பலம் இல்லாததால் அவர்கள் துரத்தவில்லை என்றும் ஒருவர் சொல்லலாம். பலமில்லாதவரின் அடக்கத்தை அப்படியே புண்ணியக் கணக்கில் எழுதிவிட முடியாது. அதனால்தான் 1697 முக்கியமாகிறது. கண்டியில் பெரியம்மை பரவியபோது அரசனும் வசதியுள்ளவர்களும் நகரைவிட்டுப் போய்விட்டார்கள். நோயாளிகளை அவர்கள் வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஓடிவிட முழு வாய்ப்பும் இருந்த யோசப் வாஸும் யோசப் கர்வாலியோ அடிகளாரும் தங்கி, பௌத்தர், சைவர், கத்தோலிக்கர் என்று பாராமல் கஞ்சி கொடுத்தார்கள், புண் கழுவினார்கள், பிணம் புதைத்தார்கள். அடைக்கலம் கொடுத்த ஊருக்குக் கடன் தீர்த்த சபை என்று அந்த வருடத்தைச் சொல்லலாம். பிற்காலத்தில் கண்டியில் கத்தோலிக்கருக்கு இருந்த ஆதரவு குறைந்து குருமார் வெளியேற்றப்பட்டதும் உண்டு. அதனால் 1697இல் செய்தது வீண் ஆகிவிடவில்லை.

மாந்தையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு ஒருதலைப்பட்சமாகும். மாந்தைக்குப் பக்கத்தில்தான் திருக்கேதீச்சரம். அந்தச் சிவாலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கல்லைக் கொண்டு மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1670இல் துரத்தப்பட்டவர்களின் நம்பிக்கை, அதற்கு முந்தைய நூற்றாண்டில் துரத்தியவர்களின் கப்பலில் வந்தது. அதற்கும் முன்னே, 1544இல், ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களில் 600க்கும் மேற்பட்டோரை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொன்றான் என்பதும் உண்மை. ஒரே மணலில் ஒன்றரை நூற்றாண்டுக்குள் கொல்லப்பட்டவர், இடித்தவர், துரத்தப்பட்டவர் எல்லோரும் மாறிமாறி நிற்கிறார்கள். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், மாந்தைச் சந்தியில் திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வழியில் எழுப்பிய அலங்கார வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி எறிந்தார்கள். அகதிகளின் வாரிசுகள் அகதித்தனத்தை மறக்க நெடுங்காலம் தேவையில்லை.

எழுதியவர்களும் எழுதாதவர்களும்

பிளிமத்தின் கதை உலகமெங்கும் போனதற்குக் காரணம், ஆளுநர் வில்லியம் பிரட்ஃபர்ட் அதை எழுதினார் என்பதே. அந்தக் கையெழுத்துப்பிரதி நெடுங்காலம் காணாமல் போய், 1855இல் லண்டன் ஆயரின் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டு, மறுவருடம் அச்சேறியது. செத்தவர் யார், பட்டினி கிடந்தவர் யார், பணம் கடன் கொடுத்த லண்டன் வணிகரோடு என்ன வழக்கு என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரியும். மாந்தையின் இருபது குடும்பங்களில் ஒருவருடைய கையெழுத்தும் நம்மிடம் இல்லை. குடும்பத் தலைவர்களின் பட்டியல் இல்லை. மரபு இருக்கிறது, திருவிழா இருக்கிறது, மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை இருக்கிறது.

எழுதப்பட்டதால் பிளிமத்தின் குற்றமும் எழுத்தில் நின்றது. பிற்காலத்தவர் அந்த ஏடுகளையே திருப்பிப் படித்து வம்பனோவாக்கின் பக்கத்தைக் கேட்டார்கள். 1970 முதல் அமெரிக்க நன்றியறிதல் நாளில் பூர்வகுடிகள் பிளிமத்தில் துக்கநாள் அனுசரிக்கிறார்கள். மடுவின் மரபோ தன்னைத் திருத்திக்கொள்ள அவ்வளவு இடம் தருவதில்லை. எல்லோரும் நல்லவராகவே அதில் வருகிறார்கள். ஆனால் மரபு மடுவுக்கு வேறொன்றைக் கொடுத்தது. எழுத்தில் இல்லாத கதை ஒருவருக்கு மட்டும் சொந்தமாகிவிடவில்லை. சிங்களக் கத்தோலிக்கர் அதைத் தங்கள் கதையாகச் சொல்கிறார்கள். சைவரும் பௌத்தரும் நேர்த்தி வைக்கிறார்கள்.

நமக்கு வந்து சேர்ந்த வழி

இந்த இரண்டு ஓடைகளும் இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குள் நேரடியாகவே ஓடிவந்தவை. 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கிய டானியல் பூரும் அவர் தோழர்களும் நியூ இங்கிலாந்தின் கொங்ரிகேஷனல் சபையினர். பிளிமத்தின் சபைவழிப் பேரப்பிள்ளைகள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் மகளிர் பாடசாலை, 1841இல் உதயதாரகை, மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் கிறீன்: இவை எல்லாம் எழுத்தை நம்பிய அந்தக் கூட்டத்தின் கொடை. இந்த முறை அவர்கள் நிலம் பிடிக்க வரவில்லை, பிடிக்கவும் முடியாது, ஆட்சி பிரித்தானியருடையது. கற்பித்ததோடு தமிழையும் கற்றார்கள். யாத்திரிகரின் மரபு பலமில்லாத இடத்தில் எவ்வளவு நல்ல காய் காய்க்கும் என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி.

மடுவின் பாதை வேறு. 1990இல் ஆலய வளாகம் அகதி முகாமாயிற்று. 1999 நவம்பரில் அங்கே தஞ்சமடைந்திருந்த நாற்பதுபேரளவில் எறிகணையில் செத்தார்கள். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது குருமார் மாதா சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துப் போனார்கள். ஆகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலி முகத்திடலில் யோசப் வாஸைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்குப் போனார். குருவையும், அவர் வருமுன் சபையைக் காத்த காட்டையும் ஒரே நாளில் தொட்ட பயணம் அது.

தெமட்டகொடையிலிருந்து பார்த்தால்

நான் வாழும் தெமட்டகொடையில் பிளிமத்தும் இல்லை, மருதமடுவும் இல்லை. பேஸ்லைன் வீதியின் இருபக்கமும் முஸ்லிம்களும் சிங்கள பௌத்தர்களும் தமிழ் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிறார்கள். கிறிஸ்தவர் இங்கே சிறு தொகை. தப்பியோட ஒரு காடோ கடல்கடந்த நிலமோ நமக்கு எதிரே இல்லை. ஆகவே, அந்த இரண்டு குடியேற்றங்களிலிருந்தும் ஓடுகிற துணிவை நாம் கடன் வாங்க முடியாது. கிடைப்பது தங்குகிற துணிவு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. நாடு முழுதும் செத்தவர்கள் 250க்கும் மேல். அன்று பகலே, சோதனையிடப் போன மூன்று பொலிசார் தெமட்டகொடையில் ஒரு வீட்டில் வெடித்த குண்டில் இறந்தார்கள். அடுத்த மாதம் குருநாகலிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்த வாரங்களில் நம்மில் பலர் பிளிமத்தின் வேலிக்குள் புகுந்தோம்: முஸ்லிம் கடையில் வாங்காதே, வாடகைக்கு வீடு கொடுக்காதே என்ற பேச்சு கிறிஸ்தவ வாயிலும் வந்தது. வேறு சிலர் 1697இன் கண்டியில் நின்றார்கள்: பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயந்த முஸ்லிம் பிள்ளையைத் தங்கள் பிள்ளையோடு சேர்த்துக் கூட்டிப்போனார்கள். இரு சாராரும் ஒரே சபையில், ஒரே வாங்கில் இருந்தவர்கள்.

ஆகவே இந்த ஒப்பீட்டிலிருந்து எடுக்க வேண்டியவை இரு பக்கமும் உண்டு. பிளிமத்திடமிருந்து எடுக்க வேண்டியது அந்தக் கப்பல் ஒப்பந்தம்: நம்மைச் சேராதவரோடும் பொது நன்மைக்கு உடன்பட்டு வாழ்வது. அதே பிளிமத்திடம் விட்டுவிட வேண்டியது, நாம் பிழைத்ததால் கடவுள் இந்த இடத்தை நமக்கே கொடுத்தார் என்ற எண்ணம். மடுவிடமிருந்து எடுக்க வேண்டியது, குரு வரும்வரை காத்திருக்காத பொதுநிலையினரின் சபை. கூடவே எவரும் வந்து நேர்த்தி வைக்கத் திறந்திருந்த வாசல். மடுவிடமும் விட்டுவிட வேண்டியது ஒன்று உண்டு: நாம் துரத்தப்பட்டவர்கள் என்ற நினைவே நம்மை நல்லவராக்கிவிடும் என்ற நம்பிக்கை.

குடியேறிய சபையின் துணிவை அது கிளம்பிய வருடத்தை வைத்து அளப்பது எளிது. யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். சரியான சோதனை ஒரு தலைமுறைக்கு, இரண்டு தலைமுறைக்குப் பிறகு வருகிறது. அப்போது கேள்வி கேட்க வேண்டியது சபையாரை அல்ல, அயலவரை. 1675இல் மெட்டகொமைக் கேட்டிருந்தால் ஒரு பதில். 1697இல் கண்டியில் அம்மை கண்டு பிழைத்த ஒருவரைக் கேட்டிருந்தால் வேறொரு பதில். தெமட்டகொடையில் நம் மதிலுக்கு அப்பால் இருக்கும் குடும்பம் நம்மைப் பற்றி என்ன சொல்லும் என்பது இன்னும் எழுதி முடியவில்லை. எழுதுவது நம்முடைய தினசரி நடத்தைதான்.